தாயின் இளமையும் சேயின் எடையும்

1888-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர மகப்பேற்று மருத்துவமனையில் ஒரு பெண் பிரசவத்திற்காகச் சேர்க்கப்பட்டிருந்தார். அவருடைய உயரம் நான்கு அடிகூட இல்லை. குழந்தை வெளியே வரவேண்டிய வழி மிகக் குறுகியிருந்தது. இயற்கையாகப் பிரசவம் நடக்க வாய்ப்பே இல்லை என்று கண்ட மர்டாக் கேமரான் என்னும் மருத்துவர், வயிற்றையும் கருப்பையையும் கீறிக் குழந்தையை எடுத்தார். தாயும் பிழைத்தார், சேயும் பிழைத்தது. அந்நாளில் இவ்வறுவைக்கு உட்பட்ட தாய்மார்களில் பெரும்பாலோர் இறந்துபோவதே வழக்கமாக இருந்ததால், இந்த வெற்றி மருத்துவ வரலாற்றில் இடம் பெற்றுவிட்டது. லிஸ்டர் வகுத்த கிருமிநாசினி முறையைக் கேமரான் கையாண்டது இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

இந்த நிகழ்ச்சியை அறுவை மருத்துவத்தின் கதையாகவே பலரும் எழுதுவர். நாம் வேறொரு கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம். அப்பெண்ணின் இடுப்பு ஏன் அவ்வாறு குறுகியிருந்தது?

அவருக்குச் சிறு வயதில் ரிக்கெட்ஸ் என்னும் எலும்பு நோய் வந்திருந்தது. நடை பழகும் பருவத்தில் அந்த உடலுக்கு நேர்ந்த ஒரு குறை, இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து, அவர் வயிற்றில் வளர்ந்த குழந்தையின் வழியை மறித்துக்கொண்டு நின்றது. தாயின் குழந்தைப் பருவத் துன்பம் அவளுடைய குழந்தையைத் தாக்குமா என்று கேட்டால், தாக்கும் என்பதற்கு இதைவிடக் கண்கூடான சான்று வேண்டியதில்லை.

எலும்பு எப்படி வளர்கிறது என்பதைச் சற்றுப் பார்த்தால் இது விளங்கும். குழந்தையின் எலும்பு முதலில் பெரும்பாலும் குருத்தெலும்பாக இருக்கிறது. பின்னர் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸும் படிந்து அது கெட்டியாகிறது. உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் குடல் போதிய அளவு உறிஞ்சிக்கொள்ள வைட்டமின் டி தேவை. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் தோலில் படும்போது உடலே அந்த வைட்டமினைத் தயாரித்துக்கொள்கிறது. வெயிலும் இல்லை, வைட்டமின் டி உள்ள உணவும் இல்லை என்றால், எலும்பு கெட்டிப்படாமல் மெழுகுபோல் இருந்துவிடும். குழந்தை எழுந்து நிற்கத் தொடங்கியதும் உடலின் பாரம் அந்த மெழுகின் மேல் இறங்குகிறது. கால்கள் வில்லாக வளைவது இதனால்தான். வளைந்த கால் எல்லோர் கண்ணிலும் படும். ஆனால் உள்ளே இருக்கும் இடுப்பெலும்பு வளையமும் அதே பாரத்தால் நசுங்குகிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை.

முதுகெலும்பின் அடிப்பகுதி முன்னோக்கித் தள்ளப்பட்டு, வட்டமாக இருக்கவேண்டிய வளையத்தின் வாய் தட்டையாகிவிடுகிறது. சாதாரணமாக இவ்வாயின் முன்பின் அகலம் ஏறத்தாழ 11 சென்டிமீட்டர். நிறைமாதக் குழந்தையின் தலை, குறுக்களவில் ஏறத்தாழ 9.5 சென்டிமீட்டர். இடைவெளி எவ்வளவு குறைவு என்று பாருங்கள்! வளையத்தின் அகலம் 8 சென்டிமீட்டராகச் சுருங்கிவிட்டால் தலை இறங்க முடியாது. பிரசவ வலி நாள் கணக்கில் நீளும். குழந்தைக்குப் பிராணவாயு குறையும். அது இறந்து பிறக்கும், அல்லது மூளை பாதிக்கப்பட்டுப் பிறக்கும். சிசேரியன் அறுவை ஆபத்தில்லாததாக ஆகும்வரை, தாயைக் காப்பாற்றக் குழந்தையைப் பலி கொடுப்பதைத் தவிர மருத்துவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

கிளாஸ்கோ அப்போது கப்பல் கட்டும் தொழிலாலும் இரும்புத் தொழிலாலும் செழித்த நகரம். தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கமான அடுக்குக் கட்டடங்களில் ஓர் அறையிலோ இரண்டு அறைகளிலோ வாழ்ந்தன. நிலக்கரிப் புகை வானத்தை மூடியிருந்தது. குறுகிய சந்துகளில் வெயில் இறங்கவே இல்லை. ரிக்கெட்ஸ் அங்கே வீட்டுக்கு வீடு காணப்பட்ட நோய். ஜப்பானில் சில காலம் மருத்துவப் பணி செய்து திரும்பிய தியோபால்டு பாம் என்பவர், அங்கே ஏழைக் குழந்தைகளிடம்கூட இந்நோயைக் காணவில்லையே என்று எண்ணிப் பார்த்து, வெயிலின்மையே காரணம் என்று 1890-இல் எழுதினார். அதை அப்போது அதிகம் பேர் பொருட்படுத்தவில்லை. 1919-இல் பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்னும் மருத்துவர் புற ஊதா விளக்கொளியைக் கொண்டு இந்நோயைக் குணப்படுத்திக் காட்டினார். ஏறத்தாழ அதே காலத்தில் இங்கிலாந்தில் எட்வர்டு மெல்லன்பி, நாய்க்குட்டிகளுக்கு ரிக்கெட்ஸை உண்டாக்கி, மீன் எண்ணெயால் அதைத் தடுக்கலாம் என்று கண்டார். 1922-இல் மெக்காலம் குழுவினர் மீன் எண்ணெயிலுள்ள அப்பொருளைத் தனி வைட்டமின் என்று பிரித்துக் காட்டினர்.

ஆக, நோயின் காரணம் தெரிந்துவிட்டது. தடுக்கும் முறையும் தெரிந்துவிட்டது. ஆனால் 1922-இல் மூன்று வயதுச் சிறுமிக்கு மீன் எண்ணெய் கொடுத்தால், அதன் பலன் பிரசவ அறையில் தெரிய 1940-களை எட்டவேண்டும். தலைமுறைக் கணக்கில் நடப்பவற்றை ஆராய்வதில் உள்ள பெரிய தொல்லை இதுதான். காரணம் ஓரிடத்தில் இருக்கும். விளைவு கால் நூற்றாண்டு தள்ளி இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கப் பொறுமையுள்ள ஒருவர் வேண்டும்.

அபர்டீனில் ஒரு பேரேடு

அப்படிப்பட்ட ஒருவர் டுகால்ட் பெயர்டு. 1899-இல் ஸ்காட்லாந்தில் பிறந்த இவர் கிளாஸ்கோவில் படித்து, அந்நகரின் ஏழைத் தாய்மார்களிடையே பணியாற்றியவர். 1930-களின் பிற்பகுதியில் வடகிழக்கே உள்ள அபர்டீன் நகரப் பல்கலைக்கழகத்தில் மகப்பேற்று மருத்துவப் பேராசிரியராகச் சேர்ந்து, 1965 வரை அங்கேயே இருந்தார்.

அபர்டீன் ஆராய்ச்சிக்கு வாகான ஊர். மிகப் பெரிய நகரமன்று. மக்கள் அடிக்கடி இடம் பெயர்வதும் குறைவு. ஊரின் பிரசவங்களில் பெரும்பகுதி ஒரே மருத்துவமனையில் நடந்தது. தாயின் வயது, உயரம், கணவரின் தொழில், எத்தனையாவது பிரசவம், குழந்தையின் எடை, குழந்தை உயிருடன் பிறந்ததா என்பவற்றையெல்லாம் ஒரே முறையில் பதிவு செய்ய பெயர்டு ஏற்பாடு செய்தார். 1950-லிருந்து தொடங்கும் அந்தப் பதிவுத் தொகுப்பு இன்றும் ஆராய்ச்சிக்குப் பயன்பட்டு வருகிறது. அன்று பிறந்த பெண் குழந்தை வளர்ந்து அதே ஊரில் தாயானால், அவளுடைய பிறப்புப் பதிவையும் அவள் குழந்தையின் பிறப்புப் பதிவையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க முடியும். நம்மூர்க் கணக்குப்பிள்ளை மூன்று தலைமுறைப் பேரேடுகளைப் பத்திரப்படுத்தி வைத்ததுபோல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பெயர்டு கண்டது என்ன? தலைப்பிரசவத்திற்கு வந்த பெண்களை உயரப்படி பிரித்தார். 5 அடி 4 அங்குலமும் அதற்கு மேலும் உள்ளவர்கள் ஒரு பிரிவு. 5 அடி 1 அங்குலத்திற்குக் கீழ் உள்ளவர்கள் மற்றொரு பிரிவு. குட்டையான பெண்களிடையே கடினமான பிரசவமும், குழந்தை இறந்து பிறப்பதும், பிறந்த சில நாட்களில் இறப்பதும் கூடுதலாக இருந்தன. கூலித் தொழிலாளர் மனைவியரில் குட்டையானோர் அதிகம். மருத்துவர், வழக்கறிஞர் முதலியோரின் மனைவியரில் உயரமானோர் அதிகம். 

உயரம் தானாக ஒரு குழந்தையைக் கொல்லாது. பெயர்டு உயரத்தை ஓர் அளவுகோலாகவே கொண்டார். பிறக்கும்போது ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் நீளமிருக்கும் குழந்தை, முதல் ஆண்டில் மட்டும் 25 சென்டிமீட்டர் வளர்கிறது. இரண்டாம் ஆண்டில் 12 சென்டிமீட்டர் அளவு. பிறகு அந்த வேகம் எப்போதும் திரும்புவதில்லை. அந்த ஆண்டுகளில் உணவு குறைந்தாலும், பேதியும் காய்ச்சலும் மாறி மாறி வந்தாலும், உடல் வளர்ச்சியை நிறுத்தி வைத்து உயிரை மட்டும் காப்பாற்றிக்கொள்கிறது. அந்த இழப்பின் ஒரு பகுதி பின்னால் ஈடாகலாம். முழுவதும் ஈடாவது அரிது. ஒரு பெண், தன் பரம்பரை அனுமதித்த உயரத்தை எட்டாமல் நின்றுவிட்டாள் என்றால், அவளுடைய எலும்பு மட்டுமன்று, கருப்பையும் இரத்தக் குழாய்களும் பிற உறுப்புகளும் அதே பற்றாக்குறையில் வளர்ந்தவையே. வெளியே தெரிவது உயரம். அதனால் அதை அளந்தார்கள்.

இங்கே கூர்மையான மாணவர் ஒருவர் கையை உயர்த்தக்கூடும். "ஐயா, ஏழை வீட்டில் வளர்ந்த பெண் பெரும்பாலும் ஏழையைத்தானே மணக்கிறாள்? கருவுற்றிருக்கும்போதும் அவளுக்குச் சரியான உணவு இல்லை. குழந்தையைப் பாதித்தது பழைய வறுமையா, இன்றைய வறுமையா என்று எப்படிச் சொல்ல முடியும்?"

சரியான கேள்வி. அபர்டீனிலேயே பணியாற்றிய ரேமண்ட் இல்ஸ்லி என்னும் சமூகவியலார் இதை ஆராய்ந்து 1955-இல் எழுதினார். அவர் கணவரின் தொழிலை மட்டும் பார்க்காமல், பெண்ணின் தந்தை என்ன தொழில் செய்தார் என்பதையும் பார்த்தார். தொழிலாளர் வீட்டில் பிறந்து வசதியுள்ள இடத்தில் வாழ்க்கைப்பட்ட பெண்கள், அவர்களோடு ஒரே சூழலில் வளர்ந்து அதே நிலையில் மணந்தவர்களைவிடச் சராசரியில் உயரமானவர்கள்; உடல்நலம் மிக்கவர்கள்; அவர்களுடைய குழந்தைகளில் இறப்பும் குறைவு. அதாவது மணமாகிச் செல்லும்போதே அவர்கள் நல்ல உடலோடு சென்றார்கள். கணவர் வீட்டு வசதியே குழந்தையைக் காத்தது என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட முடியாது. தாயின் உடல் திருமணத்திற்கு வெகு முன்பே உருவாகிவிட்டது என்பதற்கு இது ஒரு சான்று. மேல்தட்டு, கீழ்த்தட்டு என்று இரண்டு கட்டங்கள் போட்டுச் சராசரியை ஒப்பிட்டுவிட்டால் ஆராய்ச்சி முடிந்துவிட்டது என்று எண்ணுவோருக்கு இல்ஸ்லியின் கட்டுரை நல்ல பாடம்.

இன்னொரு புதிரும் இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் உணவுக்குப் பங்கீடு இருந்தது. ஆனால் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் பாலும், ஆரஞ்சுச் சாறும், மீன் எண்ணெயும் முன்னுரிமையோடு கிடைத்தன. குண்டு விழுந்த அந்த ஆண்டுகளில், இறந்து பிறக்கும் குழந்தைகளின் விகிதம் வியக்கத்தக்க முறையில் குறைந்தது. போர் முடிந்தது, மருத்துவ வசதியும் பெருகியது, விகிதம் இன்னும் விரைவாகக் குறைய வேண்டுமல்லவா? 1950-களில் அப்படிக் குறையவில்லை. முன்னேற்றம் தேங்கி நின்றது. 

பெயர்டு, ஓய்வு பெற்ற பின்னும் இதை விடவில்லை. 1948-லிருந்து சேர்ந்த பதிவுகளை 1970-களில் மீண்டும் புரட்டினார். பிரசவம் நடந்த ஆண்டைப் பார்ப்பதோடு நிற்காமல், தாய் பிறந்த ஆண்டைப் பார்த்தார். 1950-களின் தொடக்கத்தில் இருபது, இருபத்திரண்டு வயதில் தாயானவர்கள் 1930-ஐ ஒட்டிப் பிறந்தவர்கள். அதுதான் உலகப் பொருளாதார மந்தத்தின் காலம். ஸ்காட்லாந்தின் தொழில் நகரங்களில் ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்து நின்ற காலம். போர்க்காலப் பாலும் பங்கீடும் கண்டு வளர்ந்த பெண்கள் தாயாகத் தொடங்கிய பின் நிலைமை மீண்டும் சீரடைந்தது. தேக்கத்தின் காரணம் 1950-களின் மருத்துவமனையில் இல்லை, 1930-களின் சமையலறையில் இருந்தது என்பது பெயர்டின் முடிவு. இதற்கு மாற்று விளக்கங்களும் உண்டு. ஆண்டுகளை ஒப்பிடுவது மட்டும் முழுமையான நிரூபணமாகாது. என்றாலும், எங்கே தேடவேண்டும் என்பதை அவர் காட்டிவிட்டார்.

குதிரைக்குட்டியின் சாட்சி

உயரம் பரம்பரையாக வருவது, குட்டையான தாய்க்குச் சிறிய குழந்தை பிறப்பதில் என்ன வியப்பு என்று சிலர் கேட்பர். இந்த ஐயத்தைத் தெளிவாக்கும் அழகான சோதனை ஒன்று குதிரைகளைக் கொண்டு செய்யப்பட்டது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த வால்டன், ஹாம்மண்ட் என்ற இருவர் அதன் முடிவை 1938-இல் வெளியிட்டனர்.

ஷயர் என்பது வண்டியிழுக்கும் மிகப் பெரிய இனக் குதிரை. ஷெட்லாந்து மட்டக்குதிரை, ஓர் ஆளின் இடுப்புயரமே இருக்கும். செயற்கை முறைக் கருவூட்டல் மூலம் இவ்விரு இனங்களையும் இருவகையாகக் கலந்தனர். ஒன்றில் தாய் ஷயர், தந்தை ஷெட்லாந்து. மற்றதில் தாய் ஷெட்லாந்து, தந்தை ஷயர். இரு குட்டிகளுக்கும் பாதிப் பண்புகள் ஷயரிடமிருந்து, பாதி ஷெட்லாந்திடமிருந்து. பரம்பரை மட்டுமே எடையை முடிவு செய்வதானால் இரண்டும் ஒரே அளவாகப் பிறக்க வேண்டும். நடந்ததோ வேறு. பெரிய தாய்க்குப் பிறந்த கலப்புக் குட்டி, சிறிய தாய்க்குப் பிறந்த கலப்புக் குட்டியைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்தது. சிறிய தாயின் கருப்பை, "இவ்வளவுதான் இடம், இவ்வளவுதான் உணவு" என்று கணக்காக நிறுத்திவிட்டது. அக்குட்டிகள் வளர்ந்த பின்னும் அந்த வேறுபாடு முற்றிலும் மறையவில்லை.

மனிதரில் இத்தகைய சோதனை செய்ய முடியாது. ஆனால் வேறொரு பெண்ணின் கருமுட்டையைத் தானமாகப் பெற்றுக் கருவுறும் தாய்மார்கள் உண்டு. அவர்களை ஆராய்ந்து 1995-இல் வெளியான ஒரு கட்டுரையும் இதையே சொன்னது: குழந்தையின் எடை, முட்டையைக் கொடுத்தவரின் உடலமைப்பைச் சார்ந்திருக்கவில்லை, சுமந்தவரின் உடலமைப்பைச் சார்ந்திருந்தது.

கருப்பையில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். குழந்தைக்கு உணவும் பிராணவாயுவும் நஞ்சுக்கொடி வழியாகச் செல்கின்றன. தாயின் இரத்த ஓட்டம் அதற்கு எவ்வளவு கிடைக்கிறது என்பதைக் கருப்பையின் இரத்தக் குழாய்கள் முடிவு செய்கின்றன. தாயின் உடலில் சேர்த்து வைத்த இரும்புச் சத்தும் பிற சத்துகளும் இதில் பங்கு கொள்கின்றன. தாயே இன்னும் வளர்ந்து முடியாத சிறு வயதினள் என்றால், உணவுக்காகத் தாயின் உடலும் சேயின் உடலும் போட்டியிடும். இவை எல்லாம் ஒன்பது மாதத்தில் புதிதாகச் செய்துகொள்ளக்கூடியவை அல்ல.

அத்தோலேயும் பிரெஸ்கோவும்

இதுவரை சொன்னவை, நடந்து முடிந்ததைத் திரும்பிப் பார்த்துச் சொன்னவை. ஒரு சிறுமிக்கு உணவு கொடுத்தால், அவள் தாயாகும்போது குழந்தையின் எடை கூடுமா என்று நேராகச் சோதிக்க முடியுமா? மத்திய அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலா நாட்டில் அச்சோதனை நடந்தது. வேடிக்கை என்னவென்றால், தொடங்கியவர்கள் அந்தக் கேள்வியை நினைத்துத் தொடங்கவில்லை.

மத்திய அமெரிக்கா, பனாமா ஆகிய நாடுகளுக்கான ஊட்டச்சத்துக் கழகம் 1949-இல் அங்கே நிறுவப்பட்டது. புரதக் குறைவால் குழந்தைகளின் அறிவு வளர்ச்சி குன்றுகிறதா என்று அறிய, இக்கழகத்தார் 1969-இல் நான்கு கிராமங்களைத் தேர்ந்தெடுத்தனர். இரண்டு பெரியவை, இரண்டு சிறியவை. பெரியவற்றில் ஒன்றுக்கும் சிறியவற்றில் ஒன்றுக்கும் அத்தோலே என்னும் கஞ்சி கொடுக்கப்பட்டது. அது அந்நாட்டு மக்கள் வழக்கமாகக் குடிக்கும் மாவுக் கஞ்சியின் சத்துக் கூட்டிய வடிவம். தாவரப் புரத மாவு, கொழுப்பு நீக்கிய பால்பொடி, சர்க்கரை ஆகியவை சேர்ந்தது. 180 மில்லி லிட்டர் கொண்ட ஒரு குவளையில் 163 கலோரியும் 11.5 கிராம் புரதமும் இருந்தன. மற்ற இரு கிராமங்களுக்குக் கொடுக்கப்பட்டது பிரெஸ்கோ என்னும் இனிப்புப் பானம். அதில் புரதம் இல்லை. 59 கலோரி மட்டுமே.

ஊர்ப் பொது இடத்தில், காலையில் ஒரு முறையும் பிற்பகலில் ஒரு முறையும் பானம் தரப்பட்டது. யாரும் வந்து வேண்டிய மட்டும் குடிக்கலாம். ஒவ்வொரு குழந்தையும் எவ்வளவு குடித்தது என்று அளந்து எழுதினர். நான்கு ஊர்களுக்கும் இலவச மருத்துவ வசதியும் ஒன்றுபோல் கிடைத்தது. ஆகவே கிடைத்த வேறுபாட்டை மருத்துவ வசதியின் மேல் ஏற்ற முடியாது. 1977-இல் பானம் கொடுப்பது நின்றது.

ஆராய்ச்சியாளர்கள் அந்த ஊர்களை மறக்கவில்லை. அன்று குவளையேந்தி வரிசையில் நின்ற சிறுமிகள் வளர்ந்து தாயான பிறகு, அவர்களுடைய குழந்தைகளை அளந்தனர். 2009-இல் முடிவு வெளியாயிற்று. சிறு வயதில் அத்தோலே கிடைத்த பெண்களின் குழந்தைகள், பிரெஸ்கோ கிடைத்த பெண்களின் குழந்தைகளைவிடப் பிறக்கும்போது சராசரியாக 116 கிராம் எடை கூடியிருந்தனர். பின்னர் அளந்தபோது உயரத்தில் 1.3 சென்டிமீட்டரும், தலைச் சுற்றளவில் 0.6 சென்டிமீட்டரும் அதிகம். அத்தோலே குடித்து வளர்ந்த ஆண்களின் குழந்தைகளிடமோ இத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை இன்னொரு முறை படியுங்கள். பலன் தாயின் வழியாக மட்டும் வந்திருக்கிறது. அவள் உடலே அதற்குக் காரணம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

116 கிராம் என்பது ஒரு பெரிய வெங்காயத்தின் எடை. இதற்கா இவ்வளவு பாடு என்று தோன்றலாம். பிறக்கும்போது 2.5 கிலோவுக்குக் குறைவாக இருக்கும் குழந்தையை எடை குறைந்த குழந்தை என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. அத்தகைய குழந்தைக்கு உடல் சூடு எளிதில் குறையும். பால் உறிஞ்சும் வலு குறைவு. தொற்று நோயைத் தாங்கும் ஆற்றலும் குறைவு. சராசரி எடை நூறு கிராம் உயர்ந்தால், 2400, 2450 கிராமில் நின்றிருக்கக்கூடிய பல குழந்தைகள் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவர். இந்தியாவில், 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, எடை பதிவான குழந்தைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 18 பேர் அந்தக் கோட்டுக்குக் கீழே பிறந்தவர்கள்.

பசி மட்டும்தான் துன்பமா?

குழந்தைப் பருவத் துன்பம் வயிற்றோடு நின்றுவிடுவதில்லை. அடி, வசவு, குடிக்கும் தந்தை, பிரிந்த பெற்றோர் இவையும் துன்பங்களே. அமெரிக்காவின் சான்டியேகோ நகரில் 1995 முதல் 1997 வரை 17,000-க்கு மேற்பட்ட பெரியவர்களிடம் இவற்றைப் பற்றிக் கேட்டறிந்தனர். இத்தகைய துன்பங்கள் எவ்வளவு அதிகமோ, நடுவயதில் இதய நோய் முதலியவையும் அவ்வளவு அதிகம் என்று 1998-இல் பெலிட்டி, ஆண்டா ஆகியோர் எழுதினர். அதே கேள்விகளைக் கர்ப்பிணிகளிடம் கேட்டுப் பார்த்தபோது, அதிகத் துன்பம் கண்டவர்களின் குழந்தைகள் சராசரியில் சற்று முன்னதாகவும் சற்று எடை குறைவாகவும் பிறந்தது தெரிய வந்தது. வேறுபாடு சிறியதுதான். அந்தப் பெண்களிடையே புகைபிடிக்கும் பழக்கம் கூடுதலாக இருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

உடலுக்குள்ளேயும் ஒரு வழி இருக்கிறது. அச்சமும் கவலையும் மிகும்போது அட்ரினல் சுரப்பி கார்ட்டிசால் என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. நெடுநாள் அச்சத்தில் வளர்ந்த குழந்தையின் உடலில் இந்த ஏற்பாடு எளிதில் தட்டி எழுப்பப்படுவதாகவோ, மந்தமாகவோ மாறிவிடக்கூடும். கருவுற்ற பெண்ணிடம் நஞ்சுக்கொடியும் இதே வரிசையைச் சேர்ந்த ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. மாதம் ஏற ஏற அதன் அளவும் ஏறும். விரைவாக ஏறினால் பிரசவம் முந்துகிறது என்பதால் சிலர் அதை நஞ்சுக்கொடியின் கடிகாரம் என்றே அழைக்கின்றனர். வயிற்றிலுள்ள குழந்தையைத் தாயின் கார்ட்டிசாலிலிருந்து காக்க நஞ்சுக்கொடியில் ஒரு நொதியும் உண்டு; ஆனால் அது முழுவதையும் தடுப்பதில்லை. எலும்பைப்போல இவற்றை எடுத்துக் காட்ட முடியாது. ஆதலால் ரிக்கெட்ஸ் விஷயத்தில் பேசுவதுபோல் இங்கே அடித்துப் பேசுவது சரியாகாது என்பது என் கருத்து. துன்பத்தில் வளர்ந்த தாய்மாரில் மிகப் பலர் நல்ல எடையுள்ள, நலமான குழந்தைகளைப் பெறுகிறார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. இங்கே சொல்லப்படுவன எல்லாம் சராசரிகள். எந்த ஒரு தாயின் சாதகமும் அன்று.

சத்துணவுத் தட்டு

குவாத்தமாலாவின் குவளையைப் பற்றிப் படிக்கும்போது உங்களுக்குப் பள்ளிக்கூடத்து மதிய உணவு நினைவுக்கு வந்திருக்கும். தமிழ்நாட்டில் காமராசர் காலத்தில் 1956-இல் தொடங்கிப் பரவிய மதிய உணவும், 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டமும் நீங்கள் அறிந்தவை. நாட்டின் பிற மாநிலங்களில் சமைத்த உணவு பரவலானது, உச்ச நீதிமன்றம் 2001 நவம்பரில் பிறப்பித்த ஆணைக்குப் பிறகே.

எல்லா மாநிலமும் ஒரே நேரத்தில் தொடங்கவில்லை என்பது பசித்த குழந்தைகளுக்குப் பெரும் கேடு. ஆராய்ச்சியாளருக்கோ அது ஒரு வாய்ப்பாயிற்று. எந்த மாநிலத்தில், எந்த ஆண்டு பிறந்த பெண்ணுக்குப் பள்ளியில் உணவு கிடைத்திருக்கும் என்று கணக்கிட்டு, அவள் பிற்காலத்தில் பெற்ற குழந்தையின் உயரத்தோடு அதைப் பொருத்திப் பார்த்தனர். நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் என்னும் இதழில் 2021-இல் இம்முடிவு வெளியாயிற்று: சிறுமியாக இருந்தபோது பள்ளி உணவு கிடைத்த தாய்மாரின் குழந்தைகள், வயதுக்கேற்ற உயரத்தில் தெளிவாக முன்னே நின்றனர். இதில் எல்லாமே சோற்றின் பலன் என்று சொல்வதற்கில்லை. உணவு கிடைத்ததால் பெண்கள் கூடுதல் ஆண்டுகள் படித்தார்கள். படித்ததால் திருமணமும் முதல் பிரசவமும் தள்ளிப் போயின. மருத்துவமனையை நாடுவதும் கூடிற்று. இந்த இழைகளைத் தனித்தனியே பிரிப்பது கடினம். 

ஒரு திட்டம் பலன் தந்ததா என்று அரசுகள் பெரும்பாலும் மூன்றாண்டு, ஐந்தாண்டு கணக்கில் பார்க்கின்றன. இந்தத் தட்டின் கணக்கோ வேறு. 1982-இல் ஆறு வயதில் சத்துணவுக் கூடத்தில் உட்கார்ந்த சிறுமி, தன் முதல் குழந்தையைப் பெற்றது 1990-களின் பிற்பகுதியில் இருக்கலாம். அந்தக் குழந்தை பெண்ணாக இருந்தால், அவளும் இப்போது தாயாகும் வயதில் இருக்கிறாள்.